அந்தப் படங்களில் நான் இல்லை

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு 61 வயது. சொந்த ஊர் யாழ்ப்பாணம். தாதிப் பயிற்சிக்காக 1988-ல் இங்கிலாந்து வந்தேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். வடமேற்கே, கென்டலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கணவர் ஆங்கிலேயர், 69 வயது. 1992-ல் கல்யாணம். ஒரே மகள், வேறு ஊரில் குடும்பத்தோடு இருக்கிறாள். அடி, குடி, கடன் எதுவும் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. நல்ல மனிதர். அதனாலேயே இதை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அவருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று மோட்டார் சைக்கிள், மற்றது கேமரா. 1969-ல் செய்த ட்ரையம்ஃப் போனவில் ஒன்று வைத்திருக்கிறார். கவன்ட்ரி பக்கம் மெரிடன் என்ற கிராமத்தில் இருந்த தொழிற்சாலையில் செய்தது. அவருடைய அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார். அந்தத் தொழிற்சாலை 1983-ல் மூடப்பட்டது, பிறகு இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். அங்கே ஒரு தெருவுக்கு போனவில் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தத் தெருப் பலகையைப் படமெடுக்கவே ஒரு முறை மூன்று மணி நேரம் போய்வந்தார்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் பைக்கில் கியர் வலது கால் பக்கம் இருக்கும். அதனால் அவருடைய எந்தச் சப்பாத்தை எடுத்தாலும் வலது கால் முனையில் மட்டும் தோல் தேய்ந்து வெளுத்திருக்கும். கல்யாணமான புதிதில் வாசலில் கிடந்த அந்தச் சப்பாத்தைப் பார்த்த ஒரு நாளில்தான் ‘இது என் வீடு’ என்ற நினைப்பு எனக்கு முதன்முதலாக வந்தது.

போன வருடம் அவருக்கு முழங்கால் போய்விட்டது. மூட்டுத் தேய்மானம். கிக் ஸ்டார்ட்டை உதைக்க முடியவில்லை. ஒரு காலை ஆறேழு தடவை உதைத்துப் பார்த்துவிட்டு, வண்டியைத் துணியால் மூடிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். இரண்டு மாதத்தில் அவருடைய மிகப் பழைய கூட்டாளி, நாற்பது வருடத்துக்கும் மேல் கூடவே வண்டி ஓட்டியவர், புற்றுநோயில் இறந்துபோனார்.

அன்றிலிருந்து மாடிப்படிக்குக் கீழே இருக்கும், படம் கழுவுகிற இருட்டறைதான் அவருக்கு வீடு. 1974 முதல் எடுத்த நெகட்டிவ் எல்லாம் தேதி போட்டு ஃபைல் ஃபைலாக வைத்திருக்கிறார். அதில் ஒன்றையே திரும்பத் திரும்பப் பிரின்ட் போடுகிறார். 1979-ல் ஹார்ட்சைட் கடையில் எடுத்த படம். பென்ரித்திலிருந்து ஆல்ஸ்டன் போகிற மலைப்பாதையில், 1,904 அடி உயரத்தில் இருந்த தேநீர்க்கடை அது. வடக்கே பைக் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். 2018-ல் தீப்பிடித்து எரிந்துபோனது. படத்தில் ஐந்து பைக், நான்கு பேர். காற்றில் முடி பறக்கிறது. இறந்துபோனவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார். போன மாதம் எண்ணிப் பார்த்தேன், அதே படம் பதினொன்று கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கதைப்பதும் அதைப் பற்றித்தான். மழையில் நனைந்துபோய் நின்றால் கையுறையை எஞ்சின் சூட்டில் காய வைப்பார்களாம். எங்கே போகிறோம் என்று யாருக்கும் தெரியாதாம்; வழியில் டெலிபோன் பெட்டியைக் கண்டால் காசு போட்டு அம்மாவுக்கு ஒரு வார்த்தை. ஒரு ரோலில் 36 படம்தான், அதனால் ஒவ்வொன்றையும் யோசித்து எடுப்பாராம். கேட்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு நாள் இரவு நான் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்: “அதுதான் வாழ்க்கை. பிறகு வந்ததெல்லாம் நாள் போக்கினதுதான்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தேன். 33 வருடம் அம்மா. அது நாள் போக்கினதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1995 ஐப்பசியில், போரால் யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் வெளியேறிய இடப்பெயர்வில், எங்கள் அப்பா அம்மா கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஒரே இரவில் வீட்டை விட்டுப் போனார்கள். ஆல்பங்கள் எல்லாம் போய்விட்டன. நான் எட்டு வயதில் எப்படி இருந்தேன் என்று என் மகளுக்குக் காட்ட ஒரு படம்கூட என்னிடம் இல்லை. அவருக்கு இது தெரியும். ஆனால் நாங்கள் உட்கார்ந்து கதைத்ததில்லை.

போன வாரம் தேத்தண்ணீர் கொடுக்கப் போனபோது உள்ளே வந்து நிற்கச் சொன்னார். சிவப்பு விளக்கு. வெள்ளைத் தாளை மருந்துத் தண்ணீரில் போட்டு, தட்டை மெல்ல ஆட்டினார். முதலில் டயர் வந்தது. பிறகு தோல் ஜாக்கெட், முடி. முகங்கள் கடைசியில்தான் வந்தன. அந்தச் சிரிப்பு தெரிந்ததும் மூக்கை உறிஞ்சினார். எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் நான் வெளியே வந்துவிட்டேன்.

இது மறதி நோயின் தொடக்கமா? அல்லது என்னோடு அவர் ஒரு நாளும் சந்தோஷமாக இருக்கவில்லையா? எரிந்துபோன ஒரு கடை மேலும், செத்துப்போன ஒரு மனிதர் மேலும் பொறாமைப்படுகிற அளவுக்கு நான் சின்னவளாகிவிட்டேனா? அந்தப் படங்கள் எதிலும் நான் இல்லை.

— கம்ப்ரியாவிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். நீங்கள் தாதியாக இருந்தவர், உங்களுக்குத் தெரியாதது இல்லை: மறதி நோயில் பெரும்பாலும் முதலில் தடுமாறுவது அண்மைய நினைவு. காலையில் சாப்பிட்டது, நேற்று வந்தவர். உங்கள் கணவர் மருந்தின் சூட்டையும் நொடிகளையும் கணக்குப் பார்த்துப் பிரின்ட் போடுகிறார், எந்த வருடத்து நெகட்டிவ் எந்த ஃபைலில் என்று தெரிந்து எடுக்கிறார். கேட்டதையே திரும்பக் கேட்பது, கட்ட வேண்டிய பில்லில் தடுமாறுவது போன்றவை இல்லையென்றால், பழையதைப் பேசுவதை மட்டும் வைத்து அந்த முடிவுக்குப் போகாதீர்கள்.

மனச்சோர்வு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். தூக்கம், சாப்பாடு எப்படி? பேரப்பிள்ளை வந்தால் முகம் மலர்கிறதா? “இருந்து என்ன” என்பது போன்ற பேச்சு வருகிறதா? வந்தால் ஒரு நாளும் தள்ளிப் போடாமல் குடும்ப மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இங்கிலாந்தில் அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ். தரும் பேச்சு சிகிச்சைக்கு மருத்துவர் கடிதம் இல்லாமலே நேரடியாகப் பதிந்துகொள்ளலாம். முழங்காலுக்கும் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வயது என்று விட்டுவிட்ட வலியால் மனம் சோர்ந்துபோனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்தப் பழைய நினைவு. ஒரு காலத்தில் இதையும் நோய் என்றுதான் நினைத்தார்கள். 1688-ல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரை விட்டுத் தூரப் போனவர்கள் வீட்டை நினைத்து நினைத்து இளைத்துப்போவதைப் பற்றி எழுதினார். வீடு திரும்புதல், வலி என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து நாஸ்டால்ஜியா என்று அதற்குப் பெயர் வைத்தார். இன்றைக்கு அந்தப் பார்வை மாறிவிட்டது. உங்கள் நாட்டிலேயே சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டன்டைன் செடிகிடெஸ், டிம் வில்ட்ஷட் இருவரும் இதைப் பல வருடங்களாக ஆராய்கிறார்கள். இந்த ஏக்கம் பெரும்பாலும் தனிமையிலும் மனம் வாடியிருக்கும்போதும் வருகிறது, வந்த பிறகு மனிதர்களோடு ஒட்டுதலைக் கூட்டுகிறது என்பது அவர்களுடைய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிற விஷயம். முழங்கால் போய், கூட்டாளியும் போன ஒருவர் அந்தச் சிவப்பு விளக்கடியில் போய் நிற்பதை நான் அப்படித்தான் பார்க்கிறேன். காயத்துக்குத் தானே மருந்து போட்டுக்கொள்கிறார்.

ஏன் 1979, ஏன் 1999 இல்லை? அப்போது அவருக்கு 23 வயது. வயதானவர்களிடம் வாழ்க்கையை நினைத்துச் சொல்லச் சொன்னால், பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட காலம்தான் அளவுக்கு மீறி வரும். மனித நினைவின் பொதுவான அமைப்பு இது. அந்த வயதில் பலதும் முதல் தடவை. முதல் சொந்த வண்டி, தனியாகப் போன முதல் தூரம். 33 வருடம் சேர்ந்து குடித்த தேத்தண்ணீரில் எது எந்த நாள் என்று உங்களுக்கே நினைவிருக்காது. அதனால் அந்தத் தேத்தண்ணீர் ருசிக்கவில்லை என்று ஆகிவிடுமா?

ஆனாலும் அவர் சொன்ன அந்த வார்த்தையை நான் நியாயப்படுத்த மாட்டேன். அது காயப்படுத்துகிற வார்த்தை. நீங்கள் அதை விழுங்கிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனதுதான் எனக்குக் கவலை. அவருக்குத் தெரிய வேண்டும். “அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்கு வலித்தது, அந்த வாழ்க்கையில் நான் இல்லையே” என்று சொல்லுங்கள். சாப்பாட்டு மேசையில் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். காரில் பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போகும்போது சொல்லுங்கள். காலமெல்லாம் ரோட்டைப் பார்த்தே கூட்டாளிகளோடு இருந்தவர், அப்படி இருக்கும்போது அவருக்கும் பேச வரும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். அந்தக் காலத்தில் என்ன பெரிய சுகம், குளிரும் மழையும்தானே என்று வாதாடாதீர்கள். நினைவோடு வாதாடி யாரும் ஜெயித்ததில்லை, அவர் வாய்தான் மூடிக்கொள்ளும்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். ஐந்து பைக், நான்கு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது பைக் அவருடையது. ஐந்தாவது ஆள் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறார். அந்தப் படங்களில் நீங்கள் இல்லை என்கிறீர்கள். சகோதரி, அவரும் இல்லை.

படம் எடுப்பவர்களுடைய வாழ்க்கை இப்படித்தான் போகிறது. லிண்டா ஹென்கெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அருங்காட்சியகத்தில் வெறும் கண்ணால் பார்த்த பொருட்களைவிட, படமெடுத்த பொருட்கள் பார்வையாளர்களுக்குக் குறைவாகவே நினைவில் நின்றன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் கொஞ்சம் அசந்துவிடுகிறது போலும். அன்றைக்கு அந்த மலையில் உங்கள் கணவர் குவியத்தையும் வெளிச்சத்தையும் கவனித்துக்கொண்டிருந்தார். “நீயும் அங்கே இருந்தாய், இப்படிச் சிரித்தாய், இப்படிக் குளிரில் நடுங்கினாய்” என்று அவருக்குச் சொல்லக்கூடிய ஆள் அந்தக் கூட்டாளிதான். அவரும் போய்விட்டார். பதினொரு தடவை அந்தத் தாளை மருந்தில் போட்டு உங்கள் கணவர் தேடுகிற முகங்களில் அவருடைய சொந்த முகமும் ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் அடுத்த முறை உள்ளே போனால் வெளியே வந்துவிடாதீர்கள். கேளுங்கள்: இதில் நீங்கள் எங்கே நின்றீர்கள்? கை விறைத்ததா? அவர் எதற்குச் சிரிக்கிறார், நீங்கள் என்ன சொன்னீர்கள்? 1979-க்குள் நுழைய உங்களுக்கு வேறு வாசல் இல்லை, இந்தக் கேள்விகள்தான்.

பொறாமை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத் துக்கம் என்று படித்தேன். அவருக்குக் கடை எரிந்தது, தொழிற்சாலை போனது, கூட்டாளி போனார். ஆனாலும் ஒரு தாளைத் தண்ணீரில் போட்டால் முகம் திரும்பி வருகிறது. உங்களுக்கு அந்த நெகட்டிவ் இல்லை. அந்த அறையில் உங்கள் தொண்டை அடைத்தது யாருக்காக? 1995-ல் போன ஆல்பத்துக்காகவும்தான் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி அவரிடம் உட்கார்ந்து சொன்னதில்லை என்கிறீர்கள், சொல்லுங்கள். இடப்பெயர்வு என்ற செய்தியாகச் சொல்ல வேண்டாம். வீட்டைச் சொல்லுங்கள். கிணற்றடி எந்தப் பக்கம், காலை வெயில் விறாந்தையில் எதுவரை வரும், எட்டு வயதில் நீங்கள் எங்கே உட்கார்ந்து படிப்பீர்கள். அவர் புகைப்படக்காரர். வெளிச்சம் எங்கிருந்து விழுந்தது என்று அவரே கேட்பார் பாருங்கள்.

பைக்கை விற்கிற பேச்சை இப்போதைக்கு யாரும் எடுக்க வேண்டாம். பொத்தானை அழுத்தினால் கிளம்புகிற புதுப் போனவில் வந்து பல வருடம் ஆகிறது. ஆனால் அதை இப்போது ஆறுதலாகச் சொல்லாதீர்கள், உதைக்க முடியாமல் போன வருத்தம் முதலில் கொஞ்சம் தணியட்டும். உங்கள் பக்கத்திலேயே கர்க்பி லான்ஸ்டேலில், டெவில்ஸ் பிரிட்ஜ் ஆற்றோரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்காரர்கள் கூடுவார்கள். ஒரு நல்ல வெயில் நாளில் காரிலேயே கூட்டிப் போங்கள். கேமராவையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய வண்டியைப் பற்றிக் கேட்க ஆள் இருக்கிற இடம் அது. உதைத்துக் கொடுக்கவும் இளம் கால்கள் இருக்கும்.

கடைசியாக ஒன்று. எல்லா நெகட்டிவுக்கும் தேதி போட்டு வைத்திருக்கிறார் என்றீர்கள். அப்படியென்றால் 1992-க்கும் ஒரு ஃபைல் இருக்க வேண்டும், அதற்குப் பிந்தைய வருடங்களுக்கும். அதை எடுத்துத் தரும்படி கேளுங்கள். விளக்குக்கு நேரே பிடித்து இருவரும் சேர்ந்து பாருங்கள். அதில் என்ன இருந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்