வரிசையின் ஓரத்தில் நின்றவர்கள்: அமெரிக்க உள்நாட்டுப் போர் கேள்வி பதில்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65), அதாவது அமெரிக்க அரசின் பக்கம் நின்ற வடக்குக்கும் பிரிந்துபோன தென் மாநிலங்களின் தெற்குக்கும் நடந்த போரில், காலாட்படை ரெஜிமென்ட்கள் எதிரியை எப்படித் தடுத்து நின்றன என்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ரெஜிமென்ட், பிரிகேட் என்று படிக்கும்போது குழப்பமாக இருக்கிறது சார். ஒரு ரெஜிமென்ட்டில் எத்தனை பேர்? (மதுரை வாசகர்)

ஏட்டுக் கணக்கில் 10 கம்பெனி, கம்பெனிக்கு 100 பேர், ஆக சுமார் 1,000 பேர். தலைவர் கர்னல். நாலைந்து ரெஜிமென்ட் சேர்ந்தால் ஒரு பிரிகேட். ஆனால் 1,000 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு எந்தப் போரையும் படிக்காதீர்கள். வயிற்றுப்போக்கும் டைபாய்டும் சண்டைக்கு முன்பே ஆளைக் குறைத்துவிடும். 1863 வாக்கில் 300, 400 பேரோடு களத்துக்கு வருவதுதான் வழக்கம்.

இன்னொன்று, ரெஜிமென்ட்டைத் திரட்டியது மாநிலம். ஒரு கம்பெனியில் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும்தான் இருப்பார்கள். யார் நின்றான், யார் ஓடினான் என்பது அடுத்த தபாலில் ஊருக்குத் தெரிந்துவிடும். வரிசை கலையாமல் நின்றதற்கு இது சின்னக் காரணம் இல்லை.

தோளோடு தோள் உரசி நின்று சுட்டது முட்டாள்தனம் இல்லையா அண்ணா? (திருச்சி கல்லூரி மாணவர்)

அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். அந்தத் துப்பாக்கியைப் பாருங்கள். காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழாயில் கொட்டி, ரவையைப் போட்டு, கம்பியால் இடித்து, மருந்தைப் பற்றவைக்கும் சின்ன உலோக மூடியை (கேப்) பொருத்தினால்தான் ஒரு முறை சுடலாம். நன்றாகப் பழகியவன்கூட நிமிடத்துக்கு மூன்று முறைதான் சுடுவான். தனி ஆளாக நின்றால் அவனால் எதையும் தடுக்க முடியாது. 300 பேர் ஒன்றாகச் சுட்டால் தடுக்கலாம். அப்புறம், புகை. நாலு முறை சுட்டதும் எதிரே எதுவும் தெரியாது. கர்னலின் குரல், முரசு, கொடி, பக்கத்தில் இருப்பவனின் தோள் இவ்வளவுதான் வழிகாட்டி.

கெட்டிஸ்பர்க்கில் 20வது மெய்ன் ரெஜிமென்ட் செய்தது என்ன? அதனால்தான் வடக்கு ஜெயித்தது என்கிறார்களே? (கோவை வாசகி)

1863 ஜூலை 2. பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க்கில், லிட்டில் ரவுண்ட் டாப் என்ற பாறைக் குன்றின்மேல் ஸ்ட்ராங் வின்சென்ட்டின் பிரிகேட் நின்றது. அதன் இடது ஓரம்தான் 20வது மெய்ன். வடக்குப் படையின் மொத்த வரிசையும் அங்கே முடிகிறது. கர்னல் ஜோஷுவா சேம்பர்லைனிடம் இருந்தவர்கள் 380-க்குச் சற்று அதிகம். இடது பக்கத்தில் ஆளே இல்லை.

வரிசைக்கு முன்பக்கம் எத்தனை பலமாக இருந்தாலும், ஓரத்தைச் சுற்றி எதிரி பின்னால் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அலபாமாவின் 15வது ரெஜிமென்ட், கர்னல் வில்லியம் ஓட்ஸ் தலைமையில், அதைத்தான் செய்யப் பார்த்தது. அவர்கள் சுற்றி வருவதைக் கண்டதும் சேம்பர்லைன் இரட்டை வரிசையை ஒற்றையாக இழுத்து நீட்டி, இடது பாதியைப் பின்னோக்கி மடக்கினார். மடிப்பின் முனையில் கொடி. ஆளுக்கு 60 தோட்டா இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்தது. அப்புறம்தான் துப்பாக்கி முனையில் பயனெட் கத்தியை மாட்டிக்கொண்டு, கதவு கீலில் திரும்புவதுபோல வலப்பக்கம் வளைந்து சரிவில் இறங்கினார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஓட்ஸின் ஆட்கள் விடியும் முன்பே கிளம்பி 20 மைலுக்கு மேல் நடந்து வந்தவர்கள். தண்ணீர் கொண்டுவரப் போன 22 பேர் குடுவைகளோடு பிடிபட்டுவிட்டார்கள். நாக்கு வறண்டுதான் அந்தச் சரிவில் திரும்பத் திரும்ப ஏறினார்கள். பின்வாங்கும்படி தான் ஏற்கெனவே உத்தரவிட்டுவிட்டதாக ஓட்ஸ் பின்னாளில் எழுதினார். சேம்பர்லைன் முன்பே தனியாக அனுப்பியிருந்த ஒரு கம்பெனி கல்சுவருக்குப் பின்னாலிருந்து பக்கவாட்டில் சுட்டதும் தெற்கின் குழப்பத்தைக் கூட்டியது.

இந்த ரெஜிமென்ட்டின் துணிச்சலில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் அது ஒன்றுதான் காப்பாற்றியது என்பதை நான் ஏற்கவில்லை. ஏனென்று அடுத்த பதிலில் பாருங்கள்.

அதே போரில் பேசப்படாமல் போன ரெஜிமென்ட் என்று எதைச் சொல்வீர்கள்? (யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்)

137வது நியூயார்க். இதைக் கேட்டதற்கு நன்றி.

அதே ஜூலை 2 மாலை, வரிசையின் மறுமுனையான கல்ப்ஸ் ஹில்லில், ஜார்ஜ் கிரீன் என்ற 62 வயது ஜெனரல் தன் பிரிகேட்டை வைத்து மரம் வெட்டி, மண் கொட்டி, அரண் கட்டியிருந்தார். அவர் ராணுவத்துக்கு வெளியே சிவில் இன்ஜினியராக இருந்தவர். அங்கிருந்த மற்றப் படைகளை இடப்பக்கத்துக்கு உதவியாக அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியது கிரீனின் சுமார் 1,400 பேர். தெற்கின் ஒரு முழு டிவிஷன் (பல பிரிகேட் சேர்ந்தது) இருட்டும் நேரத்தில் வந்து மோதியது.

வலது ஓரத்தில் கர்னல் டேவிட் அயர்லாந்தின் 137வது. பக்கத்து அரண் காலி. எதிரி அதற்குள் நுழைந்து பக்கவாட்டில் சுட ஆரம்பித்தான். அயர்லாந்து செய்ததும் அதேதான்: வரிசையை நீட்டினார், ஓரத்தைப் பின்னால் மடக்கினார். ஆனால் இருட்டில். துப்பாக்கி முனையில் தெரியும் நெருப்பை வைத்துத்தான் எதிரி எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நியூயார்க்காரர்கள் நகரவில்லை. பின்னால் சற்று தூரத்தில்தான் வடக்குப் படை முழுவதற்கும் உயிர்நாடியான பால்டிமோர் சாலை.

ஏன் யாருக்கும் தெரியவில்லை? அயர்லாந்து அடுத்த ஆண்டே, 1864 செப்டம்பரில், அட்லாண்டாவில் நோயால் இறந்துபோனார். சேம்பர்லைன் 1914 வரை வாழ்ந்தார். மெய்ன் மாநில ஆளுநரானார். எழுதினார், பேசினார். அவர்மேல் தப்பில்லை. ஆனால் அயர்லாந்துக்காகப் பேச ஆள் இல்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

நல்ல சுவரோ பள்ளமோ கிடைத்தால் போதுமா? (சேலம் வாசகர்)

போதாது. 1862-லேயே இரண்டு சாட்சி இருக்கிறது.

டிசம்பர் 13, பிரெடரிக்ஸ்பர்க். மேரிஸ் ஹைட்ஸ் மேட்டின் அடியில் தாழ்ந்த சாலை, அதன் ஓரம் கல்சுவர். ஜார்ஜியா ரெஜிமென்ட்கள் அதன் பின்னால் நின்றன. பின்வரிசை துப்பாக்கியை நிரப்பிக் கொடுக்க முன்வரிசை சுட்டது. பிரிகேட் பிரிகேடாக வந்த வடக்குப் படையில் ஒருவர்கூடச் சுவரைத் தொடவில்லை. அந்த மைதானத்தில் மட்டும் 7,000 பேருக்கு மேல் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள்.

அதற்கு மூன்று மாதம் முன்பு, செப்டம்பர் 17, ஆன்டீட்டம். அங்கேயும் தாழ்ந்த சாலைதான், தெற்குப் படைதான். மூன்று மணி நேரம் அசையவில்லை. பிறகு வடக்கின் ஆட்கள் சாலையை நீளவாக்கில் பார்க்கும் ஒரு மேட்டைப் பிடித்தார்கள். அந்தப் பக்கச் சூட்டிலிருந்து தப்ப, 6வது அலபாமாவின் வலது பாதியை மட்டும் பின்னால் மடக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கர்னல் ஜான் கோர்டன் ஐந்து குண்டுக் காயத்தோடு விழுந்துகிடந்தார். அடுத்த அதிகாரி தப்பாகப் புரிந்துகொண்டு மொத்த ரெஜிமென்ட்டையும் திருப்பிவிட்டார். பக்கத்து ரெஜிமென்ட் அதிகாரி, "உத்தரவு பிரிகேட் முழுவதற்குமா?" என்று கேட்க, ஆமாம் என்று பதில். எல்லோரும் எழுந்து நடந்துவிட்டார்கள். அந்தச் சாலைக்கு 'ரத்தச் சந்து' என்றே பெயர் ஆகிவிட்டது.

பிரெடரிக்ஸ்பர்க் சுவருக்கு ஓரத்திலிருந்து யாரும் வரவில்லை, முன்னாலிருந்துதான் வந்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

வேகமாகச் சுடும் துப்பாக்கி இருந்திருந்தால்? (சிங்கப்பூர் வாசகர்)

இருந்தது. 1863 செப்டம்பர் 20, சிக்கமாகா. 21வது ஓஹையோவிடம் ஐந்து முறை சுடும் கோல்ட் சுழல் துப்பாக்கி. ஒரே நாளில் 43,000-க்கு மேற்பட்ட ரவை சுட்டார்கள். தீர்ந்ததும் விழுந்துகிடந்தவர்களின் பெட்டியைத் துழாவி எடுத்துச் சுட்டார்கள். மாலையில் பலர் பிடிபட்டார்கள். வேகமாகச் சுட்டால் வேகமாகத் தீரும்.

கெட்டிஸ்பர்க் போகப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்? (சென்னை வாசகர்)

லிட்டில் ரவுண்ட் டாப்பில் கூட்டம் இருக்கும், பார்த்துவிடுங்கள். ஆனால் கல்ப்ஸ் ஹில்லுக்குக் கட்டாயம் நேரம் ஒதுக்குங்கள். ரெஜிமென்ட் நினைவுச்சின்னங்களின் இரண்டு பக்கமும் தள்ளி, வரிசையின் இடது, வலது ஓரத்தைக் குறிக்கும் சின்னக் கற்கள் நட்டிருப்பார்கள். பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்வரை நடந்தால், எத்தனை நீளத்தை எத்தனை பேர் தாங்கினார்கள் என்று புரியும். பாறையும் வேரும் நிறைய உண்டு, நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.