ரெக்கார்டர் வாங்குவதற்கு முன்னால்

அன்புள்ள ஐயா,

காட்சித் தொடர்பியல் படித்துவிட்டுச் சில குறும்படங்களில் ஒலிப்பதிவு உதவியாளராக வேலை செய்திருக்கிறேன். சினிமாவில் படப்பிடிப்புத்தள ஒலிப்பதிவாளராக வேண்டும் என்பது ஆசை. சொந்தக் கருவி வைத்திருப்பவர்களைத்தான் கூப்பிடுவார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அப்பா மூன்று லட்சம் ரூபாய் கடன் வாங்கித் தரத் தயாராக இருக்கிறார். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கினால் லெவல், அதாவது பதிவாகும் ஒலியின் அளவு, பார்க்கவே வேண்டாம், ஒலி உடையாது என்கிறார்கள். அதே ஆட்கள், எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் துடைத்துவிடும், அதுவும் இல்லையென்றால் டப்பிங் இருக்கிறது, இந்த வேலைக்கு இனி என்ன எதிர்காலம் என்றும் கேட்கிறார்கள். எந்த ரெக்கார்டர் வாங்கலாம்? இந்தத் தொழிலுக்கு வரலாமா?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

கடன் வாங்க வேண்டாம். அப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். தொழிலுக்கு வரலாமா என்றால், தாராளமாக வாருங்கள். ஆனால் ரெக்கார்டர் வழியாக வராதீர்கள். மைக்கை எங்கே வைப்பது என்பதுதான் இந்த வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

முதலில் அந்த 32 பிட் விஷயம். 24 பிட் பதிவில், முணுமுணுத்துக்கொண்டிருந்த நடிகர் திடீரென்று கத்தினால் ஒலி உச்சத்தில் வெட்டுப்பட்டு உடைந்துவிடும், கரகரவென்று கேட்கும். உடைந்ததை மீட்க முடியாது. 2019-இல் ஜூம் எஃப்6, சவுண்ட் டிவைசஸ் மிக்ஸ்பிரீயின் இரண்டாம் வரிசை போன்ற சிறிய ரெக்கார்டர்கள் 32 பிட் ஃப்ளோட்டுடன் வந்தன. அந்தக் கோப்பில் ஒலி அளவுக்கான எல்லை மிகப் பெரியது. கத்தலையும் பிறகு தணித்துக்கொள்ளலாம். நல்ல வசதி, மறுக்கவில்லை. ஆனால் அது தீர்ப்பது ரெக்கார்டருக்குள் நடக்கும் ஒரே ஒரு சிக்கலை. மைக்கோ வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரோ தாங்க முடியாமல் உடைந்த ஒலியை அது சரிசெய்யாது. புடவை உரசலை நீக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, மைக்குக்கும் வாய்க்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைக்காது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். கூடத்தில் ஒருவரை உட்காரவைத்து ஏதாவது வாசிக்கச் சொல்லி, இரண்டடி தூரத்தில் ஒருமுறையும் எட்டடி தூரத்தில் ஒருமுறையும் பதிவு செய்யுங்கள். தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் நேராக வரும் குரல் 6 டெசிபல் குறையும். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியோ கிட்டத்தட்ட அதே அளவில் நிற்கும். எட்டடிப் பதிவை முந்தையதற்குச் சமமாக ஏற்றிக் கேளுங்கள். மின்விசிறியும் தெருவும் சுவரும் சேர்ந்தே எழுந்து வரும். எந்த விலை ரெக்கார்டராக இருந்தாலும் இதுதான் நடக்கும்.

அதனால்தான் பூம், அதாவது நுனியில் மைக் மாட்டிய நீளக் கம்பு, பிடிப்பவரை ஒலிப்பதிவின் பாதி என்கிறேன். நம் தளங்களில் அவரைக் கம்பு தூக்கும் பையன் என்று நடத்துகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. நானும் பூம் பிடித்து வந்தவன்தான். நல்ல பூம் ஆபரேட்டருக்கு நடிகரின் வசனம் நடிகரைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். கேமராவில் அகலமாகக் காட்டும் 35 லென்ஸா, நெருக்கமாகக் காட்டும் 85 லென்ஸா என்று கேட்டதுமே ஃப்ரேமின் மேல்விளிம்பு எங்கே வரும் என்று ஊகித்துவிடுவார். ஒத்திகையில் மைக்கை வேண்டுமென்றே ஃப்ரேமுக்குள் இறக்குவார். ஒளிப்பதிவு உதவியாளர் "தெரிகிறது" என்றதும் ஒரு சாண் மேலே ஏற்றி, அந்த உயரத்தைக் கைக்குள் பதித்துக்கொள்வார். முக்கிய விளக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து, நிழல் முகத்திலோ சுவரிலோ விழாத பக்கத்தில் நிற்பார். இரண்டு பேர் பேசும் காட்சியில், அடுத்தவர் வாயைத் திறப்பதற்கு முன்பே மைக் அவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். திறந்த பிறகு திரும்பினால் முதல் அசை போய்விடும். இவ்வளவையும் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கியபடி, மூச்சு கேட்காமல், காலடி நகராமல் செய்ய வேண்டும். இதில் நீங்கள் தேறினால், ரெக்கார்டரின் பொத்தான்களை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

பூம் எட்டாத அகலக் காட்சிகளுக்கு லேப்பல் மைக். உடைக்குள் ஒளித்து வைக்கும் சின்ன மைக் இது. வெளிநாட்டுக் காணொளிகள் சட்டை, கோட்டு, டையோடு நின்றுவிடும். நமக்கு வருவது புடவையும் வேட்டியும். பட்டு, அசைந்தாலே சரசரக்கும். கஞ்சி போட்ட பருத்தி அதைவிட மோசம், ஒவ்வொரு மடிப்பும் முறியும் சத்தம் கேட்கும். தாலிச் சங்கிலி மைக்கில் தட்டும். கண்ணாடி வளையலை ஒன்றும் செய்ய முடியாது. வசனத்தின்போது கையை அசைக்காமல் இருக்கும்படி இயக்குநர் மூலமாகக் கேட்கலாம், அவ்வளவுதான். என் வழக்கத்தைச் சொல்கிறேன். ரவிக்கையின் கழுத்து மடிப்புக்குள், முந்தானை உரசாத பக்கமாக இடம் தேர்ந்தெடுப்பேன். ஒட்டுநாடாவைப் பசைப்பக்கம் வெளியே வரும்படி முக்கோணமாக மடித்து இரண்டு துண்டு செய்து, மைக்கை நடுவில் வைப்பேன். ஒரு துண்டு துணியைப் பிடிக்கும், இன்னொன்று தோலைப் பிடிக்கும். துணியும் மைக்கும் சேர்ந்தே அசைவதால் உரசல் இருக்காது. மைக்கின் தலையைக் கீழ்நோக்கி வைத்தால் மூச்சுக்காற்று நேராக அடிக்காது, வியர்வையும் துளைக்குள் இறங்காது. சட்டையில்லாமல் வேட்டியோடு வரும் பாத்திரத்துக்குத் தோள்துண்டுதான் கதி. துண்டும் இல்லையென்றால் பூம் மட்டுமே. பெண் நடிகர்களுக்கு மைக் பொருத்தும்போது அவரிடம் நீங்களே நேரில் விளக்கி, சம்மதம் கேட்டு, உடையலங்காரப் பிரிவிலுள்ள பெண்ணின் உதவியோடு பொருத்துங்கள். இதில் எந்த அவசரமும் சாக்காகாது.

மைக் தேர்விலும் ஊரின் தட்பவெப்பத்தை யோசியுங்கள். சென்ஹைசர் நிறுவனத்தின் எம்.கே.எச். 416 என்ற நீளக்குழாய் மைக் நம் கடற்கரை ஊர்களில் இத்தனை காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரணக் கண்டென்சர் மைக்கின் தலைப்பகுதியில் மின்தடை மிக அதிகம். காற்றின் ஈரம் உள்ளே இறங்கினால் படபடவென்று வெடிக்கத் தொடங்கும். 416 ரேடியோ அலைவரிசை முறையில் இயங்குவது, அங்கே மின்தடை குறைவு, ஈரத்தைத் தாங்கும். ராமேஸ்வரத்தில் ஐப்பசியில் வேலை செய்பவனுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அதே 416-ஐச் சின்ன அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். நீளக்குழாய் மைக்குகள் பக்கவாட்டிலிருந்து வரும் எதிரொலியைத் திரித்துக் கொடுக்கும், குரல் டப்பாவுக்குள் இருப்பதுபோல் ஆகிவிடும். அறைக்குள் எம்.கே.எச். 50, ஷோப்ஸ் எம்.கே. 41 போன்ற குட்டை மைக்குகள்தான் சரி.

வேலைநாள் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். படப்பிடிப்பு வீட்டுக்குள் எல்லோருக்கும் முன்னால் நுழைந்து, கண்ணை மூடி நின்று கேட்க வேண்டும். ஜெனரேட்டர் வேன் வந்து நின்றபிறகு தள்ளி நிறுத்தச் சொன்னால் நடக்காது. கேபிள் இழுத்துவிட்டோம் என்பார்கள். லைட்மேன்களின் தலைவரிடம் முந்தின நாளே பேசி, தெருமுனையில் நிறுத்த வைக்க வேண்டும். ஏசி, மோட்டார், மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். வீட்டுக்காரரின் ஃப்ரிட்ஜையும் அணைப்போம். அணைத்ததும் உங்கள் பைக் சாவியை அந்த ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். இரவு கிளம்பும்போது சாவி தேடிப் போவீர்கள், மறக்காமல் சுவிட்சையும் போட்டுவிடுவீர்கள். உலகம் முழுவதும் ஒலிப்பதிவாளர்கள் செய்வது இது.

டேக் நடக்கும்போது உங்கள் வேலை மீட்டரைப் பார்ப்பது மட்டுமல்ல. ஒவ்வொரு மைக்கும் தனித்தனித் தடத்தில் பதிவாகும். அவற்றோடு, நீங்கள் விரலால் ஏற்றி இறக்கிக் கலந்த ஒரு தடமும் போகும். இயக்குநர் ஹெட்ஃபோனில் கேட்பதும், எடிட்டர் மாதக்கணக்கில் வைத்து வெட்டுவதும் அந்தக் கலவையைத்தான். யார் எப்போது பேசுவார் என்று தெரியாதவரால் அதைச் செய்ய முடியாது. 32 பிட் வந்தும் இந்த வேலை குறையவில்லை.

டேக் முடிந்ததும் "ஒலி சரியில்லை, இன்னொன்று வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். "மூன்றாவது வரியில் 'அம்மா' என்ற சொல்லின்மேல் காக்கை கத்திவிட்டது" என்று சொல்லுங்கள். அந்தச் சொல் வேறொரு டேக்கில் சுத்தமாக இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிவு இயக்குநருடையது. மறுத்தால் சண்டை வேண்டாம். கேமரா அடுத்த இடத்துக்கு நகரும் நேரத்தில் அதே நடிகரை, அதே அறையில், அதே மனநிலை கலைவதற்குள் அந்த வரியை மட்டும் சொல்லச்சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்தையும் விட்டுக் கிளம்பும் முன் அரை நிமிடம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் இருக்கும் சத்தம், எடுக்க வேண்டும். பசியோடு நிற்கும் நூறு பேரை அசையாமல் நிற்கவைப்பது எளிதல்ல. உதவி இயக்குநர்களோடு நல்ல உறவு இருந்தால் மட்டுமே நடக்கும்.

டப்பிங்கைப் பற்றி. நம் சினிமாவில் ஒரு காலத்தில் வசனம் ஸ்டூடியோ தளத்திலேயே பதிவானது. கேமரா வெளிப்புறத்துக்கு வந்தபோது, கையில் எடுத்து ஓடக்கூடிய ஆரிஃப்ளெக்ஸ் 2சி கேமரா வந்தது. அது கடகடவென்று ஓடும், பக்கத்தில் மைக் வைக்க முடியாது. தமிழ் தெரியாத நடிகைகள் பெருகினார்கள். டப்பிங் வழக்கமாயிற்று. 2001-இல் 'லகான்' படப்பிடிப்புத்தள ஒலியில் எடுக்கப்பட்டபோது இந்தித் திரையுலகம் திரும்பிப் பார்த்தது. தமிழில் 2004-இல் 'விருமாண்டி' அதைச் செய்தது. ஆனாலும் இன்றுவரை இங்கே டப்பிங்தான் பெரும்பான்மை, தளத்தில் பதிவாவது டப்பிங்குக்கு வழிகாட்ட மட்டும் உதவும் பைலட் டிராக்தான். டப்பிங் கலைஞர்களின் திறமையில் எனக்கு மரியாதை உண்டு. என் வருத்தம் வேறு. கிணற்றடியில் வாளியை இழுத்துக்கொண்டே பேசிய குரலில் உடம்பின் பாரம் இருக்கிறது. மூன்று மாதம் கழித்துக் குளிர்ந்த அறையில் நின்று பேசும்போது அந்தப் பாரம் வருவதில்லை. எத்தனையோ நல்ல நடிப்பை இப்படிப் பாதியாக்கியிருக்கிறோம்.

இந்த வேலை எவ்வளவு கவனிக்கப்படாமல் இருக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தேசியத் திரைப்பட விருதுகளில் படப்பிடிப்புத்தள ஒலிப்பதிவுக்குத் தனி விருது இருந்தது. 2022-இல் அறிவிக்கப்பட்ட 68-ஆவது விருதுகளில் அது ஒரு கன்னடப் படத்துக்குப் போனது. அது டப்பிங் செய்யப்பட்ட படம் என்று அந்தப் படத்தின் ஒலி வடிவமைப்பாளரே பொதுவெளியில் சொன்னார். ஒலிக்காக ஆஸ்கர் வென்ற ரசூல் பூக்குட்டியும் அதைக் கண்டித்து எழுதினார்.

மென்பொருள் துடைத்துவிடும் என்பவர்கள் பாதி உண்மையைச் சொல்கிறார்கள். ஏசி இரைச்சல்போல மாறாத சத்தத்தை அது நன்றாகவே எடுக்கிறது. ஆனால் அழுத்தித் துடைத்தால் முதலில் போவது தணிந்த ஒலிகள். மூச்சு, விசும்பல், சொல்லின் கடைசியில் தேயும் குற்றியலுகரம். தமிழ்ப் பேச்சின் உயிர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. தொலைவில் பதிவான குரலைத் துடைத்தால் கிடைப்பது சுத்தமான, யாருடையதும் அல்லாத குரல்.

இப்போது பணம். கருவியில் போடும் பணம் நம் கட்டுப்பாட்டில் இல்லை என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே 2017-இல் 600 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஏலம் விட்டுக் கைப்பேசி நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள். 2020 ஜூலை 13-க்குப் பிறகு அந்தப் பகுதியில் இயங்கும் வயர்லெஸ் மைக்குகளைப் பயன்படுத்துவது சட்டவிரோதம். ஒலிப்பதிவாளர்கள் சொந்தப் பணத்தில் வாங்கிய, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த செட்டுகளை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. வருமானம் வரத் தொடங்காத உங்களுக்கு அந்தச் சுமை வேண்டாம். சென்னையில் வாடகைக்குக் கிடைக்காத ஒலிக்கருவி இல்லை. படம் கிடைத்தால் எடுங்கள். உங்கள் சம்பளத்தையும் கருவி வாடகையையும் தனித்தனியாகப் பேசி எழுதி வாங்குங்கள். ஒரே தொகையாகப் பேசினால் படப்பிடிப்பு நாட்கள் நீளும்போது வாடகை உங்கள் தலையில் விழும்.

இப்போதைக்கு வாங்க வேண்டியது நல்ல ஹெட்ஃபோன் ஒன்று. சோனி எம்.டி.ஆர். 7506 போதும், தளங்களில் அதிகம் காணப்படுவதும் அதுதான். ஒரு சால்டரிங் அயர்ன் வாங்கி, மைக்கை ரெக்கார்டரோடு இணைக்கும் எக்ஸ்.எல்.ஆர். கேபிளை வெட்டிச் சேர்க்கப் பழகுங்கள். படப்பிடிப்பில் பழுதாவது பெரும்பாலும் கேபிள்தான். முறையாகப் படிக்க விரும்பினால் தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்திலும் புனே, கொல்கத்தா நிறுவனங்களிலும் ஒலிக்கென்றே படிப்பு இருக்கிறது. இடம் கிடைத்தால் சேருங்கள். கிடைக்கவில்லையென்றால் ஒரு வருடத்தை அதற்காகக் காத்திருந்து வீணாக்காமல் யாராவது ஒலிப்பதிவாளரிடம் சேர்ந்துவிடுங்கள்.

சென்னைக்கு வருவதென்றால் முன்கூட்டி எழுதுங்கள். பூம் பிடிக்க ஆள் தேடும் சிலரை எனக்குத் தெரியும், சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் பேட்டா மட்டும்தான் கிடைக்கும், தங்குமிடம் உங்கள் பொறுப்பு. அதற்கு ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள்.