நட்சத்திரம் ஒட்டினா விளையாட்டு ஆயிடுமா?

வணக்கம் அண்ணே. மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில ஆண்டு 4க்கு கணிதம் சொல்லிக் கொடுக்கறேன். சரியா செஞ்சா ஸ்டார், 10 ஸ்டாருக்குப் பரிசுன்னு சுவத்துல சார்ட் ஒட்டி வச்சேன். முதல்ல போட்டி போட்டுக்கிட்டு செஞ்சாங்க. இப்ப நோட்டத் தொறக்குறதுக்கு முன்னயே "இதுக்கு எத்தன ஸ்டார் டீச்சர்?"னு கேக்குறாங்க, இல்லன்னா பென்சிலக் கீழ வச்சிடுறாங்க. பாடத்த விளையாட்டா ஆக்குங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, எப்படித்தான் ஆக்குறது?

வணக்கம் டீச்சர். 1973ல அமெரிக்காவுல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேர் பாலர் பள்ளியில ஒரு சோதனை செஞ்சாங்க. சும்மாவே மார்க்கர் பேனாவுல படம் வரைய ஆசைப்படுற பிள்ளைங்க, அதுல ஒரு கூட்டத்துக்கு மட்டும் வரைஞ்சா சான்றிதழ் உண்டுன்னு முன்கூட்டியே சொல்லிட்டாங்க, கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்தா அந்தக் கூட்டம் மத்தவங்க வரையறதுல பாதி நேரம்தான் பேனாவத் தொட்டுச்சு. எதிர்பாக்காம திடீர்னு சான்றிதழ் வாங்கின பிள்ளைங்களுக்கு ஆசை குறையல. அதனால சார்ட்டக் கழட்டிடுங்க, ஸ்டார வச்சுக்குங்க, நல்லா யோசிச்ச பிள்ளைக்கு சொல்லாம கொள்ளாம ஒண்ணு ஒட்டுங்க.

என்னைக் கேட்டா, கணக்குப் போடாம ஜெயிக்கவே முடியாதுங்கற மாதிரி இருந்தாத்தான் அது கணக்கு விளையாட்டு. கேள்வி ஒரு பக்கம், பாயிண்ட் ஒரு பக்கம்னா அது கலர் அடிச்ச பரீட்சை.

மலாய்க்காரங்க ஆடுற சோங்காக் எடுத்துக்குங்க, நம்ம பல்லாங்குழி மாதிரியேதான். பலகை இல்லன்னா தரையில சாக்கால வட்டம் போட்டாப் போதும், ரப்பர் கொட்ட பொறுக்கிட்டு வரச் சொல்லுங்க, தோட்டம் செம்பனைக்கு மாறிடுச்சுன்னா புளியங்கொட்டை. ஆளுக்கு 7 குழி, ஓரத்துல ஆளுக்கு ஒரு வீடு, குழிக்கு 7 கொட்டை, மொத்தம் 98. ஒரு குழியில உள்ளத எடுத்து ஒண்ணொண்ணா போட்டுக்கிட்டே போய், கடைசிக் கொட்டை சொந்த வீட்டுல விழுந்தா இன்னொரு ஆட்டம். வீட்டுலேர்ந்து மூணாவது குழியில 3 இருந்தா சரியா வீட்டுல முடியும், அது எல்லாப் பிள்ளைக்கும் சீக்கிரம் பிடிபட்டுடும். அதே குழியில 18 சேந்திருந்தா? எதிராளி வீட்டுல போடறதில்ல, எடுத்த குழியிலயும் ஒண்ணு போடணும், ஆக 14 குழியும் சொந்த வீடும் சேத்து ஒரு சுத்துக்கு 15. 18ஐ 15ஆல வகுத்தா மீதி 3, அப்ப அதுவும் வீட்டுலதான் வந்து முடியும்! வகுத்தல்ல மீதி எதுக்குன்னு கேக்குற பிள்ளைக்கு மீதிதான் அங்க ஆட்டத்தையே குடுக்குது. ஒரே ஒரு சட்டம் சேத்துக்குங்க, கொட்டைய எடுக்குறதுக்கு முன்ன கடைசி எங்க விழும்னு வாயால சொல்லணும்.

பாடத்துல சொல்ற கதையும் அப்படித்தான், எங்க நிறுத்துறோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு. உங்க பக்கத்து ஊர் கதையே இருக்கே. 1876ல விக்கம்னு ஒருத்தர் பிரேசில்லேர்ந்து கிட்டத்தட்ட 70,000 ரப்பர் விதைய லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு வந்தார். இங்க நிறுத்துங்க, எத்தன மொளச்சிருக்கும்னு ஒவ்வொருத்தரும் எழுதட்டும். மொளச்சது 2,700 சொச்சம்தான், நூத்துக்குக் கிட்டத்தட்ட நாலு. அடுத்த வருஷம் சிங்கப்பூர் வந்து சேந்தது 22 கன்று, அதுல 9 உங்க பக்கத்து ஊரான கோலகங்சார்ல நட்டாங்க. 22ல 9ங்கறது பாதிக்கு மேலயா கீழயான்னு கேளுங்க, தாத்தா பாட்டி பால்வெட்டுன மரத்தோட வம்சம்னு தெரிஞ்ச பிள்ளை பின்னத்த அசட்டையா போடாது.

முதல் வாரம் வகுப்பு ரொம்ப சத்தமா இருக்கும், பக்கத்து வகுப்பு டீச்சர்கிட்ட முன்னயே சொல்லி வச்சிடுங்க. அந்த 18 கணக்க முதல்ல கண்டுபிடிக்கிற பிள்ளை அத எப்படி விளக்குச்சுன்னு அதோட வாய்மொழியிலயே எனக்கு எழுதி அனுப்புங்க டீச்சர்.