நின்றபடி ரோலர் கோஸ்டர்: பூட்டு விழும்போது குதிகால் எங்கே இருக்கிறது?

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் கலிஃபோர்னியாவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போகிறோம். அங்கே சிக்ஸ் ஃபிளாக்ஸ் மேஜிக் மவுண்டனில் 'ரிட்லர்ஸ் ரிவெஞ்ச்' என்று நின்றபடி போகும் ரோலர் கோஸ்டர் இருக்கிறது. அதில் ஏறியே ஆக வேண்டும் என்று தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகள் அடம்பிடிக்கிறாள். உயரம் 139 சென்டிமீட்டர். செந்தோசாவில் பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவில் இரண்டு தடவை ஏறியிருக்கிறாள். என் கணவரோ பல வருஷத்துக்கு முன் வெளிநாட்டில் இப்படி ஒன்றில் ஏறி, இரண்டு நாள் ஒழுங்காக உட்கார முடியாமல் அவதிப்பட்டார். "நேராக நில்லுங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் எம்பி நின்றாராம். வலியில்லாமல் போக வழி இருக்கிறதா? ஏறும் இடத்தில் தடுமாறி மற்றவர்களைக் காக்க வைத்துவிடுவோமோ என்றும் பயம். தேக்காவில் ஒரு பயண முகவர், வரிசையில் நிற்காமல் போகும் அட்டையோடு சேர்த்து நுழைவுச்சீட்டு தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?
— வாசகி, செங்காங்

பதில்: கணவர் எம்பி நின்றார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு வந்த வலிக்குக் காரணம் அதுதான். இருபது வருஷத்துக்கு மேலாகக் கேளிக்கைச் சவாரிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். இந்த வகை கோஸ்டரில் இருந்து முகம் சுளித்து இறங்கியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பலரும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

முதலில் அந்த இருக்கையைப் பாருங்கள். ரிட்லர்ஸ் ரிவெஞ்ச் ரயிலில் வரிசைக்கு நான்கு பேர், எட்டு வரிசை, மொத்தம் 32 பேர். ஒவ்வொருவருக்கும் முதுகுப்பக்கம் ஒரு தாங்கி. அதில் சைக்கிள் சீட்டு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். மேலே தோள்மீது இறங்கும் தடுப்பு. சீட்டும் தடுப்பும் ஒன்றாகவே மேலும் கீழும் நகரும். ரயில் நிலையத்தில் நிற்கும்போது உயரப் பூட்டு திறந்திருக்கும். தடுப்பை இறக்கிக்கொண்டு நிமிர்ந்தால் கூடவே எழும், தணிந்தால் கூடவே தணியும். பிறகு பணியாளர்கள் எல்லாருடைய உயரத்தையும் பூட்டுவார்கள். அப்புறம் இறங்கும்வரை அந்த உயரம்தான்.

பூட்டும் நேரத்தில் குதிகாலைத் தூக்கினால் சீட்டும் உயர்ந்து அங்கேயே நின்றுவிடும். பிறகு குதிகாலைத் தரையில் வைக்கப் பார்த்தால் சீட்டு விடாது. காலில் இறங்க வேண்டிய எடை தொடைகளுக்கு நடுவே, உள்ளங்கை அகலச் சீட்டில் இறங்கும். ரயில் தலைகீழாகச் சுற்றும் வளையத்தின் அடியில் உடம்பு மூன்று மடங்கு கனத்தால் 70 கிலோ ஆள் 210 கிலோ ஆகிறார். அத்தனையும் அந்த இடத்தில் உட்கார்ந்தால் இரண்டு நாள் வலிக்கத்தான் செய்யும்.

அதனால் செய்ய வேண்டியது ஒன்றுதான். இரண்டு பாதத்தையும் தோள் அகலத்துக்கு வைத்து, குதிகாலைத் தரையில் முழுக்கப் பதித்து, முழங்காலை ஒரு துளி மடக்கி, இரண்டு விரல்கிடை தணிந்து நில்லுங்கள். உயரம் பூட்டி முடியும்வரை அசையாதீர்கள். அப்புறம் நிமிர்ந்தால் சீட்டுக்கும் உங்களுக்கும் நடுவே கொஞ்சம் இடம் கிடைக்கும். அந்தக் கொஞ்ச இடம்தான் சவாரி முழுக்க உங்களைக் காப்பாற்றப் போகிறது. ரொம்பத் தணிந்துவிடவும் கூடாது. நாற்காலியில் உட்காரப் போவதுபோல் குந்தினால் தடுப்பு தோளை அழுத்த, அரைகுறையாய்க் குந்தியபடியே கடைசிவரை போக வேண்டிவரும்.

நீங்கள் செங்காங்கில் இருப்பதால் இதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. இலகு ரயில் வளைவில் திரும்பும்போது நின்றுகொண்டிருப்பவர்களின் முழங்காலைக் கவனியுங்கள். யாரும் சொல்லித்தராமலே கொஞ்சம் தளர்ந்திருக்கும். பாதம் ஊன்றியிருக்கும், இடுப்பு ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும். கோஸ்டரிலும் அதே நிலைதான். வீட்டில் சுவரில் முதுகைச் சாய்த்துக் கணவரை நாலைந்து முறை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

மகளுக்கு வருகிறேன். மேலே சொன்ன முழங்கால் விஷயம் அவளுக்குப் பொருந்தாது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அந்தச் சீட்டு எவ்வளவு தூரம் கீழே இறங்கும் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. குறைந்தபட்ச உயரம் என்று ஒன்று வைப்பதே அதற்காகத்தான். ரிட்லர்ஸ் ரிவெஞ்சில் அது 54 அங்குலம், அதாவது 137.2 சென்டிமீட்டர். உங்கள் மகள் அதைவிட இரண்டு சென்டிமீட்டர்கூட அதிகம் இல்லை. அவள் நிமிர்ந்து நிற்கும்போதே சீட்டு ஏறக்குறைய அடியில் போய் நிற்கும். அவள் முழங்காலை மடக்கினால் சீட்டும் தடுப்பும் கூடவே தணியாது, உடம்பு மட்டும் தணியும். தோளுக்கும் தடுப்புக்கும் நடுவே இடைவெளி விழும். தலைகீழாகும்போது அவள் அந்த இடைவெளி அளவுக்கு எழும்பித் தடுப்பில் மோதுவாள். ஆகவே அவள் மட்டும் குதிகாலைப் பதித்து நேராக நிற்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் முழங்காலை மடக்குவதைப் பார்த்து அவளும் மடக்குவாள். பிள்ளைகள் அப்படித்தான். வரிசையில் நிற்கும்போதே அவளிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். உயரம் கூடிய உறவுக்காரப் பிள்ளைகள் கூட வந்தால் அவர்களுக்கு உங்களுக்குச் சொன்ன முறை, இவளுக்கு மட்டும் வேறு முறை.

பேட்டில்ஸ்டாரில் ஏறியவள்தானே என்ற கணக்கும் வேண்டாம். அங்கே தேவை 125 சென்டிமீட்டர், அதுவும் உட்கார்ந்து போகிற சவாரி. இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அளவுகோலில் தேறுவதற்காகப் பிள்ளையின் காலணிக்குள் அட்டையைத் திணிக்கும் பெற்றோரையும், தடித்த அடி வைத்த காலணி வாங்கிக் கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அளவுகோலை ஏமாற்றலாம், தோளுக்கு மேல் விழும் இடைவெளியை ஏமாற்ற முடியாது. மெல்லிய அடியுள்ள, நாடா கட்டிய காலணி போதும். காலையிலேயே போங்கள். ராத்திரி படுத்து எழுந்த உடம்பு சாயங்கால உடம்பைவிடச் சற்று உயரமாக இருக்கும். விளிம்பில் நிற்கும் பிள்ளைக்கு அதுவும் கணக்குதான். பணியாளர் 'முடியாது' என்றால் வாதாடாதீர்கள்.

இனி ஏறுவது. உங்களால் வரிசை தாமதமாகிவிடுமோ என்று நீங்கள் கவலைப்படுவதே எனக்குச் சந்தோஷம். கணக்குப் பாருங்கள். 32 பேர் ரயில் இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 960 பேர். மூன்று நிமிஷம் ஆனால் 640 பேர். அந்த ஒரு நிமிஷம் பெரும்பாலும் போவது கதவு திறந்த பிறகு "நீ இங்கே வா, நான் அங்கே போறேன்" என்று பேசிக்கொள்வதில்தான். கதவருகே வரும்போதே யார் எந்த இடம் என்று முடிவு செய்திருங்கள். தூரத்து இடத்தில் நிற்பவர் முதலில் போக வேண்டும். சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாம் காலியாக இருக்கட்டும். கைப்பேசியைப் படிக்கட்டிலேயே ஒதுக்கிவிடுங்கள். உள்ளே போனதும் காலை அகட்டிச் சீட்டுக்கு இரண்டு பக்கமும் பாதத்தை வையுங்கள். சீட்டின்மேல் உட்காராதீர்கள், பூட்டாத சீட்டு உங்களோடு கீழே போகும். தடுப்பை நீங்களே இறக்கி பெல்ட்டை மாட்டிக்கொண்டால் பணியாளர் வந்து ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். பெருவிரைவு ரயிலில் அம்புக்குறிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று, இறங்குகிறவர்களை விட்டு ஏறும் ஊர்க்காரர்கள் நாம். அந்தப் பழக்கம் அங்கே நன்றாகவே கைகொடுக்கும்.

தோடு, ஜிமிக்கி, வளையம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தடுப்பு காதுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பக்கவாட்டில் தலை ஆடும்போது தோட்டுத் திருகு கழுத்தில் குத்தி ரத்தம் வந்த ஓர் அம்மாவுக்கு நானே பஞ்சு வைத்து ஒத்தியிருக்கிறேன். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராவிட்டால் சட்டைக்குள் விட்டு ஊக்கு போடுங்கள். தலையைப் பின்தாங்கியில் நன்றாகச் சாய்த்து வையுங்கள், தளர விடாதீர்கள். கண் இருட்டுவதுபோல் இருந்தால் தொடையையும் கெண்டைக்காலையும் இறுக்குங்கள். நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்குவதால் வருவது அது. வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம். நடு வரிசை, நடு இடம் கேட்டுப் பாருங்கள். ஆட்டம் குறைவு.

இந்த முழங்கால் விஷயத்தைப் பூங்காக்கள் ஏன் முறையாகச் சொல்லித்தருவதில்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். ஜப்பானின் யோமியூரி லேண்டில் 1982இல் நின்றபடி போகும் கோஸ்டர் வந்தது. ரிட்லர்ஸ் ரிவெஞ்ச் வந்தது 1998இல்: 47 மீட்டர் உயரம், மணிக்கு 105 கிலோமீட்டர் வேகம், ஆறு முறை தலைகீழ். இத்தனை வருஷத்தில் வரிசையில் ஒரு படம் வரைந்து மாட்ட முடியாதா? பலகை நிறைய எது கூடாது, யார் ஏறக்கூடாது என்று வழக்கறிஞர் எழுதியதுபோல் இருக்கும். எப்படி நிற்பது என்று ஒரு வரி இருக்காது. கடைசியில் ஒலிபெருக்கியில் வேகமான ஆங்கிலத்தில் "நேராக நில்லுங்கள்" என்பார்கள். பாதிப் புரிந்த மனிதர் பயத்தில் எம்பி நிற்பார். சிங்கப்பூரில் கேளிக்கைச் சவாரிகளின் பாதுகாப்புக்கு 2011இல் தனிச் சட்டமே வந்தது, கட்டட, கட்டுமான ஆணையம் கண்காணிக்கிறது. இயந்திரத்தைக் கவனிக்க எல்லா நாட்டிலும் ஆள் இருக்கிறது. ஏறுகிற மனிதனுக்குச் சொல்லித்தர எங்கேயும் ஆள் இல்லை. வலிக்கிறது என்று ஜனங்கள் ஒதுங்கியதில் இந்த வகையே அருகிவிட்டது. அமெரிக்காவின் சீடர் பாயிண்ட் பூங்காவில் இருந்த மேன்டிஸ் என்ற நின்றபடி கோஸ்டர், 2015இல் உட்கார்ந்து போகும் ரூகரூவாக மாறியது. கலிஃபோர்னியாவிலேயே இருந்த வோர்டெக்ஸும் அப்படியே 2017இல் உட்கார்ந்து போகும் பேட்ரியட் ஆனது. 2023இல் ஓர்லாண்டோ சீவேர்ல்டில் திறந்த பைப்லைன் என்ற கோஸ்டரில் ஓடும்போதே சீட்டு மேலும் கீழும் அசைந்து கொடுக்கிறது. இந்த யோசனை வர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

சரி, அந்த முகவர். முன்பணம் கட்டாதீர்கள்.

நுழைவுச்சீட்டு வேறு, வரிசையைத் தாண்டும் அட்டை வேறு. இரண்டையும் ஒரே பொட்டலமாக விற்கும்போது எது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாமல் போகிறது. அதில்தான் அவருக்கு லாபம். பூங்காவின் சொந்த இணையத்தளத்தில் தேதிக்குத் தேதி விலை மாறும். சாதாரண நாளின் மலிவு விலையில் வாங்கி விடுமுறை நாள் விலைக்கு விற்கலாம். அந்தச் சீட்டு நீங்கள் போகும் தேதிக்குச் செல்லுமா என்பதைக் கேட்டால் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்பார்கள். குளிர்காலத்தில் அமெரிக்கப் பூங்காக்கள் பல தினமும் திறப்பதில்லை. திறந்திருக்கும் நாளிலும் ஒரு குறிப்பிட்ட கோஸ்டர் பராமரிப்புக்காக நிற்கலாம். அதை எந்த முகவராலும் உறுதி சொல்ல முடியாது. சொன்னால் பொய்.

என் சித்தப்பா பையன் குடும்பம் ஐந்து பேர் இப்படித்தான் ஒரு முகவரிடம் அட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கே போய் நீட்டினால், பிள்ளைகள் எந்தச் சவாரிக்காகப் போனார்களோ அது அந்த அட்டையின் பட்டியலிலேயே இல்லை. முகவரைக் கூப்பிட்டால் இங்கே நடுராத்திரி. திரும்பி வந்து கேட்டபோது "நான் கோஸ்டர் பேர் எதையும் சொல்லலையே" என்றாராம். வாய்வார்த்தை வியாபாரத்தில் அப்படிச் சொல்வது சுலபம்.

அதைவிட மோசம், டெலிகிராமிலும் பழைய பொருள் விற்கும் செயலிகளிலும் வரும் 'மிச்சமான சீட்டு'. ஒரே கியூஆர் குறியீட்டின் படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்ப முடியும். வாசலில் முதலில் காட்டுகிறவர் உள்ளே போவார், மற்றவர்கள் வெளியே நிற்பார்கள். இங்கே பயண முகவர்களுக்குச் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவரா என்று கழகத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம். ஆனால் உரிமம் இருந்தால் மட்டும் பொட்டலம் நல்லதாகிவிடாது. நூறு வெள்ளி போனால் நூறு வெள்ளிக்காக யார் வழக்குப் போடப் போகிறார்கள் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். புகார் கொடுத்தாலும் படிவத்துக்கு மேல் படிவம், பதில் வருவதற்குள் அடுத்த விடுமுறை வந்துவிடும்.

பூங்காவின் தளத்தில், உங்கள் கடன் அட்டையில், நீங்களே வாங்குங்கள். நுழைவுச்சீட்டை மட்டும் இப்போது வாங்கினால் போதும். வரிசையைத் தாண்டும் அட்டையை அன்று காலை கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வாசல் திறக்கும் நேரத்துக்கு அங்கே இருந்து, நேராக இந்த கோஸ்டருக்கு நடந்தால் அட்டை தேவைப்படாமலே போகலாம்.

கழுத்துவலி, இடுப்புவலி, இருதயக் கோளாறு, கர்ப்பம், சமீபத்தில் அறுவை சிகிச்சை என்று இருப்பவர்கள் யாரும் ஏற வேண்டாம்.

கிளம்புவதற்கு முந்தின வாரம், மகளை அவள் போட்டுப் போகப்போகும் அதே காலணியோடு காலையில் சுவரில் நிறுத்தி அளந்து, அங்குலத்தில் எழுதி வையுங்கள். 54க்குக் கீழே வந்தால் விமானம் ஏறுவதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள். வாசலில் அழ வைக்காதீர்கள்.