5 கி.மீ. ஓட 5 கி.மீ. நீளச் சாலை எதற்கு?

வீட்டைச் சுற்றி எங்கும் வாகனச் சாலைதான், 5 கி.மீ. தொடர்ந்து ஓட வழியில்லை என்கிறீர்கள். நீளமான பாதையைத் தேடாதீர்கள். 800 மீட்டர் சுற்று ஒன்று போதும். ஆறு முறை சுற்றினால் 4.8 கி.மீ., மீதி வீட்டுக்கும் அதற்கும் போய்வருவதிலேயே தீர்ந்துவிடும்.

வரைபடத்தை வண்டி ஓட்டுபவரின் கண்ணோடு பார்ப்பதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். கார் போகாத இடம் கண்ணிலேயே படாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தைத் திறந்து நன்றாகப் பெரிதாக்குங்கள். நடைபாதைகள் சிவப்புப் புள்ளிக்கோடுகளாகத் தெரியும்: கால்வாய்க் கரை, பூங்காவின் பின்வழி, இரு தெருக்களை இணைக்கும் சந்து. பிறகு, ஓட்டத்தையும் சைக்கிள் பயணத்தையும் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியின் வெப்ப வரைபடத்தில் (ஹீட்மேப்) ஓட்டத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். கோடு எங்கே பளிச்சென்று இருக்கிறதோ அங்கே பலர் ஓடியிருக்கிறார்கள். சைக்கிளையும் சேர்த்துப் பார்த்தால் நெடுஞ்சாலையெல்லாம் ஜொலித்து உங்களை ஏமாற்றும்.

கிடைத்த சுற்றை ஓடுவதற்கு முன், நீங்கள் ஓடப்போகும் அதே நேரத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். பெயர்ந்த கல், எரியாத விளக்கு, கேட்டருகே படுத்திருக்கும் நாய், இவை எந்த வரைபடத்திலும் இராது.

ஒன்று மட்டும்: சிறு சுற்றில் எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்பினால் ஒரு காலுக்கே பாரம் கூடும். ஒரு நாள் இடமாக, மறுநாள் வலமாக ஓடுங்கள்.