அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு விவாதத்தில் பைபிள் எப்படி வருகிறது?

எதிரெதிர் தரப்புகள் ஒரே மத்தேயு நற்செய்தியைத்தான் எடுக்கின்றன. அதிபர் ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி, ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டை விரிவாக்க 2013-இல் முன்வந்தவர் அப்போதைய ஒஹையோ மாநில ஆளுநர் ஜான் கேசிக். அந்தச் சட்டத்தை எதிர்த்த குடியரசுக் கட்சிக்காரர்தான். ‘அரசாங்கத்தைச் சின்னதாக வைத்திருந்தாயா என்பதைவிட, ஏழைகளுக்கு என்ன செய்தாய் என்றுதான் பரலோக வாசலில் இயேசுவின் சீடர் பேதுரு கேட்பார்’ என்ற பொருளில் பேசினார். அவர் காட்டியது மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் வரும் இயேசுவின் சொல்: “வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்.”

2017-இல் கான்சஸ் எம்.பி. ரோஜர் மார்ஷல், விரிவாக்கத்தை எதிர்த்து அடுத்த அதிகாரத்துக்குப் போனார்: “தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருக்கிறார்கள்.” இத்தனைக்கும் அவர் மகப்பேறு மருத்துவர். எனக்கு இது பாதி வசனமாகத்தான் படுகிறது. இயேசுவின் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது பழைய ஏற்பாட்டு நூலான உபாகமம் 15:11; எளியவர்கள் இல்லாமல் போவதில்லை, ஆகையால் அவர்களுக்குக் கையைத் தாராளமாய்த் திற என்று அதே வசனம் கட்டளையிடுகிறது.