வாசகர் கேள்வி – பதில்: கோட்டோரத்து ஆதரவாளர்கள்

கேள்வி: எங்கள் தோட்ட அணி விளையாடும் நாட்களிலெல்லாம், ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தப்பு மேளம் அடித்துக்கொண்டே கோட்டோரமாக ஓடுகிறார். சென்ற மாதம் எதிரணியினர் நடுவரிடம் முறையிட்டார்கள். வெளிநாட்டு உதைபந்தாட்டக் கழகங்களுக்கும் இப்படிப்பட்ட ஆதரவாளர்கள் உண்டா? விதி இதற்கு இடம் தருகிறதா?
(ஒரு வாசகர், பொகவந்தலாவை)

பதில்: தங்கள் பெரியவரைப் பரம சாது என்று சொல்லவைக்கும் அளவுக்கு உண்டு. இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்ஸ்மவுத் கழகத்தின் ஆதரவாளர் ஜோன் வெஸ்ட்வுட், 1989இல் தம் பெயரின் நடுவே ‘போர்ட்ஸ்மவுத் புட்போல் கிளப்’ என்று கழகத்தின் பெயரைச் சட்டப்படியே சேர்த்துக்கொண்டவர். தலையில் நீலச் சுருள்முடியும் நெடிய தொப்பியும், உடம்பெங்கும் கழகத்தைப் பச்சைகுத்திய அடையாளங்களும், கையில் மணியுமாக பிராட்டன் பார்க் மைதானத்தை அதிரவைக்கும் இதே மனிதர், பீட்டர்ஸ்பீல்ட் என்ற சிறு நகரிலுள்ள குடும்பக் கடையில் பழைய, அரிய புத்தகங்களை விற்பவர் என்றால் நம்பக் கடினமாகத்தான் இருக்கும். அந்தக் கழகத்தார் பாடும் புகழ்பெற்ற ஆரவார மெட்டே ஊர் மண்டபக் கடிகாரத்தின் மணியோசையிலிருந்து பிறந்ததுதான். நமக்கும் இது புதிதல்ல. ஒரு காலத்தில் விடியுமுன் தோட்டத் தொழிலாளரைப் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, எழுப்பிய தப்பு, இன்று தங்கள் அணியை எழுப்புகிறது, அவ்வளவே.

விதியைப் பொறுத்தவரை, மேளச் சத்தத்துக்காக மட்டும் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் பார்வையாளர் ஒருவர் விசில் ஊதி, அது ஆட்டத்தைக் குழப்பியதாக நடுவர் கருதினால், ஆட்டத்தை நிறுத்திப் பந்தைக் கீழே விட்டு மீண்டும் தொடங்குவார். ஆகவே தப்பு இருக்கட்டும். விசில் வேண்டாம், கோட்டைத் தாண்டும் கால்களும் வேண்டாம். போட்டியை நடத்துவோர் தனியாகத் தடை விதிக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. தென்னாபிரிக்காவில் 2010 உலகக் கிண்ணத்தின்போது அனுமதிக்கப்பட்ட வுவுசெலா ஊதுகுழலை, அதே ஆண்டில் ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கம் தன் போட்டிகளில் தடைசெய்துவிட்டது.

கேள்வி: கண்பார்வை இழந்த ஆதரவாளர் ஒருவருக்கு மைதானத்துக்குள்ளேயே சிலை இருப்பதாக நண்பன் சொல்கிறான். கதையா, உண்மையா?
(ஒரு மாணவர், பண்டாரவளை)

பதில்: உண்மை. ஸ்பெயின் நாட்டின் வலென்சியா கழகத்தில் 18ஆம் இலக்க உறுப்பினராக இருந்தவர் விசென்டே நவாரோ அபாரிசியோ. 54ஆவது வயதில் பார்வையை இழந்த பிறகும் மெஸ்டாயா மைதானத்துக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. மகன் பக்கத்தில் அமர்ந்து ஆட்டத்தைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பார். கழகம் நூற்றாண்டு கண்ட 2019இல், அவர் வழக்கமாக அமர்ந்த இருக்கையிலேயே, அமர்ந்த கோலத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். மைதானம் காலியாக இருக்கும் நாட்களிலும் அந்த வரிசையில் ஒருவர் இருக்கிறார்.

இதே மைதானத்தின் அருகில்தான், பத்து உலகக் கிண்ணங்களுக்குப் பெரிய மேளத்துடன் சென்றுவந்து 2025இல் காலமான ஸ்பெயின் தேசிய அணி ஆதரவாளர் மனோலோவின் மதுச்சாலையும் இருந்தது. உலகம் அறிந்தது மேளக்காரரைத்தான். என் ஓட்டு நவாரோவுக்கு. மலையகத்தில் ஆட்டம் பார்த்தவர்களுக்கு அவரை எளிதில் விளங்கும். பிற்பகல் பனிமூட்டம் இறங்கிவிட்டால் மறுபக்கத்துக் கோல் கம்பம் கண்ணுக்குத் தெரியாது. கம்பத்தடியில் நிற்கும் பையன் கத்திச் சொன்னால்தான் பந்து உள்ளே போனதா, தேயிலைக்குள் போனதா என்பது நமக்குத் தெரியும்.

கேள்வி: இந்தக் கூட்டத்தில் பெண்கள் இல்லையா?
(ஒரு வாசகி, தலவாக்கலை)

பதில்: ஏன் இல்லை? மென்செஸ்டர் சிட்டியின் பழைய மைதானமான மெயின் ரோட்டில், ஹெலன் டர்னர் என்ற பெண்மணி கைமணியை ஆட்டும் ஓசை அரங்கத்தின் மறுகோடிவரை கேட்கும். ஆட்டத்துக்கு முன் கோல் காப்பாளர் ஜோ கொரிகனுக்கு, ஹெதர் என்னும் மலைப்புதரின் சிறு கொத்தொன்றை நல்வாய்ப்புக்காகக் கொடுப்பதும் அவர் வழக்கம். மணியடிக்கும் அதே கை பூவும் கொடுத்தது என்பதால்தான் அவரை இங்கே குறிப்பிடத் தோன்றியது.